ஆழம் பார்க்கும் நூல்

நாடாவுக்குள் மலைச்சாமி மூன்று பொத்தான்களைத்தான் போட்டிருந்தான். குனிந்து சாக்பீஸை எடுத்து நிமிர்வதற்குள் நான்கு கிடந்தன.

தறியில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற மரக்கட்டைதான் நாடா. இரண்டு முனையும் கூர், நடுவில் குடைவு. பார்த்தால் ஒரு சின்ன ஓடம் மாதிரியே இருக்கும். அதனால் அதையே கப்பலாக்கிவிட்டார்கள். சிவப்புப் பொத்தான் பவதாரிணி, பச்சை அவள் அம்மா முனீஸ்வரி, வெள்ளை சூரியபிரகாஷ். நான்காவது காக்கி நிறம். நான்கு ஓட்டையில் இரண்டில் மட்டும் கறுப்பு நூல் தொங்கியது. நூல் நனைந்திருந்தது.

"எவன்டா இதைப் போட்டது?"

"நீங்கதானண்ணே கப்பலுக்கு ஓனரு. எங்களைக் கேக்குறீங்க?" என்றான் சூரியபிரகாஷ். கூடத்திலேயே சின்ன வயசுத் தறிக்காரன் அவன். சேர்ந்து இரண்டு வருசம் ஆகிறது.

"இருக்கட்டும் மாமா," என்றாள் பவதாரிணி. "ஆழம் பாக்க நமக்கு ஆள் இல்லைல்ல. இந்தக் காக்கிக்காரரு பாக்கட்டும்."

செல்லூர்ச் சந்துக்குள் ஆறு விசைத்தறி ஓடும் தகரக் கூரைக் கூடம் அது. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயந்தரம் ஐந்து வரை கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குச் சந்து முழுக்கத் தறிகள் வாயை மூடிக்கொள்ளும். அந்த அமைதிக்குப் பழகாத காது தானாக ஒரு ரீங்காரத்தை உண்டாக்கிக்கொண்டு கிடக்கும். மற்ற நாளில் பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. மலைச்சாமிக்கு எழுத்து வந்தது நாற்பத்தியொரு வயதில். உதடு படிக்க வந்தது பதினாலு வயதில். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருவன் முணுமுணுப்பதைக்கூட இந்தக் கோடியிலிருந்து சொல்லிவிடுவான்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தது பவதாரிணி. காலேஜ் ஹாஸ்டலில் கற்றுக்கொண்டாளாம். ஒருத்தர் கதைக்காரர், மற்றவர்கள் கதைக்குள் போகிற ஆட்கள். கதைக்காரர் நடப்பதைச் சொல்வார், ஆட்கள் தாங்கள் செய்வதைச் சொல்வார்கள், பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது பக்க டைஸ் சொல்லும். பூதம், தீவு, பேசுகிற மீன் எல்லாம் உண்டு. கரண்ட் இல்லாத நாளில்தான் ஆட்டம், நாலு மாதமாக நடக்கிறது. மலைச்சாமிக்கு வாய் நன்றாக ஓடும் என்று அவனையே கதைக்காரனாக்கிவிட்டாள். நாற்பத்தேழு வருசத்தில் அவன் வாயைப் பார்த்து மூன்று பேர் மூச்சை அடக்கிக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை. அது அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருப்பதே கூச்சமாகவும் இருந்தது, அதுவும் இந்தப் பிள்ளைக்கு முன்னால்.

இன்றைக்குக் கப்பல் முதல் தடவையாகக் கடலுக்குப் போகிறது. கடலில் வருகிற ஆபத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். அவன் எழுத்துக் கூட்டிப் படிப்பவன் என்பதால் ஒவ்வொரு எழுத்தையும் கட்டைவிரல் பெரிசுக்கு, இடம் விட்டு எழுதியிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுத்தான் மலைச்சாமி அந்த நோட்டைத் தொட்டான்.

"மாமா, கப்பல் கவுந்துருச்சுன்னு எடுத்த எடுப்புல சொல்லிறாதீங்க," என்று காலையிலேயே பாடம் நடத்தினாள். "மொதல்ல ஒரு அறிகுறி. காத்து மாறுது, தண்ணி நெறம் மாறுது, இப்புடி. அப்புறம் என்ன செய்றீகன்னு எங்களைக் கேக்கணும். நாங்க சொன்னதுக்கப்புறம்தான் டைஸு. முக்கியமா, அறிகுறியில கதைக்காரரு பொய் சொல்லக் கூடாது. பூதம் பொய் சொல்லலாம், மீன் பொய் சொல்லலாம். நீங்க சொல்லக் கூடாது. உங்களை நம்பித்தான நாங்க கடல்ல கெடக்கோம்?"

"சரி தாயி," என்று அவன் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஆட்டப்பலகை என்று தனியாக ஒன்றும் இல்லை. விசைத்தறி வருவதற்கு முன் இது கைத்தறி ஓடிய கூடம். தறிக்காரர் காலைத் தொங்கப்போட்டு உட்கார அப்போது தரையில் குழி வெட்டுவார்கள். பிறகு எல்லாக் குழியையும் சிமெண்ட் பூசி மூடியவர்கள், மூலையில் ஒன்றை மட்டும் கழிவு நூல் போட விட்டுவைத்து, மேலே இரண்டு பலகையை வைத்தார்கள். அந்தப் பலகைமேல்தான் சாக்பீஸால் கடல் வரைந்திருந்தான். இரண்டு பலகைக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து. அதன் வழியாக நூலில் ஓர் இரும்பு நட்டைக் கட்டி இறக்கினால் ஆழம் பார்க்கும் கயிறு. இது சூரியபிரகாஷ் கண்டுபிடித்த கூத்து. காலையில் சோதித்தும் பார்த்தார்கள். ரெண்டு முழத்தில் டொக்கென்று தட்டியது.

முதல் நாள் பயணத்துக்குப் பவதாரிணி டைஸை உருட்டினாள். ஏழு. மலைச்சாமி விரலை வைத்துப் படித்தான். மூ-டு-ப-னி.

"காத்து நின்னு போச்சு," என்று ஆரம்பித்தான். கடலை அவன் ராமேஸ்வரத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான், அதுவும் அரை நாள். ஆனால் பனி தெரியும். தறி வேலை கம்மியாகி மாட்டுத்தாவணியில் பூ மூட்டை இறக்கிய காலத்தில், மார்கழி விடியலில், எதிரே வருகிற லாரியே தெரியாமல் அதன் சத்தம் மட்டும் வரும். அதைச் சொன்னான். "பாய்மரம் ஈரத்துணி கணக்கா தொங்குது. நம்ம கையே நமக்குத் தெரியல. எங்கிட்டோ ஒரு மணிச் சத்தம் மட்டும் கேக்குது. பக்கமா, தூரமா, வெளங்கல. என்ன செய்றீங்க?"

முனீஸ்வரி முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போனவள். "நான் பதில் மணி அடிப்பேன். எதுக்க வர்றவனுக்கும் நம்மளைத் தெரியாதுல்லண்ணே?"

"அம்மா, சூப்பரு!"

பதினெட்டு விழுந்தது. இடிக்க வந்த கப்பல் ஒதுங்கிப் போனது. மூன்று பேரும் கைதட்டினார்கள். மலைச்சாமியும் சிரித்தான். சிரித்து முடித்த இடத்தில்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டான்.

சொட்டு.

மழை இல்லை. கூடத்துக்குள் குழாய் இல்லை.

"அப்பா இருந்திருந்தா இந்தாட்டத்தை விட்டு எந்திரிச்சே இருக்க மாட்டாரு," என்றாள் பவதாரிணி, டைஸைக் கையில் குலுக்கியபடி. "அன்னைக்கு மட்டும் குடிக்காம இருந்திருந்தா."

"ஏய், உருட்டுடி," என்றாள் முனீஸ்வரி.

"சத்தியம் பண்ணாரும்மா என் தலையில அடிச்சு. மறுநாளே போய்க் குடிச்சாரு. செத்ததைக்கூட ஏத்துக்கிட்டேன், சத்தியத்தை மீறுனதத்தான்..." அவள் முடிக்கவில்லை. டைஸ் பலகைமேல் உருண்டது.

மலைச்சாமி நிமிரவில்லை. கடலின் ஒரு கோடு அழிந்ததுபோல் இருந்தது. சாக்பீஸால் அதைத் திரும்பத் திரும்ப வரைந்தான். கோடு விழவில்லை. பலகை நனைந்திருந்தது.

வாடையும் மாறியிருந்தது. இந்தக் கூடத்துக்கு என்று ஒரு வாடை உண்டு: தறி எண்ணெய், பாவுக் கஞ்சி, பஞ்சுத் தூசி. முப்பது வருசமாக அவன் மூக்குக்குள் குடியிருக்கும் வாடை, குளித்தாலும் போகாது. இப்போது அதற்கு அடியிலிருந்து வேறொன்று மெதுவாக ஏறி வந்தது. வெயிலே படாத கல்லின் வாடை. பாசி. பல நாள் அசையாமல் கிடந்த தண்ணீரைக் கல்லெறிந்து கலக்கினால் எழும் குளிர்ச்சி. அந்த வாடையை அவன் ஒரே ஒரு இடத்தில்தான் பிடித்திருக்கிறான்.

"பதினாலு," என்றான் சூரியபிரகாஷ். "பாருங்கண்ணே, பதினாலுக்கு என்ன?"

மலைச்சாமி விரலை வைத்தான். எழுத்துகள் பெரிசாக, இடம் விட்டுவிட்டு, பவதாரிணியின் கையெழுத்தாகவே இருந்தன. ஆ. ழ. ம். ஆழம் தெரியாத நீர். அறிகுறி: தண்ணீரில் ஒரு பலகை நிற்கிறது. நீலப் பலகை. வெள்ளை எழுத்து.

வாய்விட்டுப் படித்துவிட்டான் என்பது கடைசி எழுத்துக்கு அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

"நான் அப்புடி எழுதலையே மாமா," என்றாள் பவதாரிணி. "பதினாலுக்குப் பாறைன்னுல்ல போட்டேன்? சும்மா சேத்து அடிச்சு விடுறீங்க. நல்லாத்தான் இருக்கு."

ஒன்பது வருசத்துக்கு முன்னால், கீழக்குயில்குடிக்கு அங்கிட்டு ஒரு சொந்தக்காரர் தோட்டத்தில் கெடா வெட்டு. பவதாரிணியின் அப்பன் ராஜபாண்டியும் மலைச்சாமியும் ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்துத் தறி. சாப்பாட்டுத் தூக்கும் ஒன்று, வெற்றிலைப் பையும் ஒன்று. பந்தி முடிந்து இரண்டு பேரும் கையோடு ஒரு முங்கு போட்டு வரலாம் என்று பழைய கல்லுக்கிடங்குப் பக்கம் போனார்கள். கல் வெட்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் பச்சையாக நின்றது. ராஜபாண்டிக்கு நீச்சல் வராது. இடுப்பளவுத் தண்ணீரில் முங்கி எழுகிற ஆள். கரையில் நீலப் பலகை ஒன்று இருந்தது, வெள்ளை எழுத்தில். ராஜபாண்டி கைநாட்டு. மலைச்சாமியும் கைநாட்டுத்தான், ஆனால் அது ராஜபாண்டிக்குத் தெரியாது. பஸ்ஸை நம்பரையும் நிறத்தையும் வைத்து அடையாளம் பிடித்துவிட்டு, போர்டைப் படித்ததாகப் பல வருசம் ஏத்தமாகச் சொல்லி வந்திருந்தான் மலைச்சாமி. டீக்கடையில் பேப்பரை விரித்துவைத்து அதில் இல்லாததையெல்லாம் படித்துக் காட்டியிருக்கிறான்.

ராஜபாண்டி சட்டையைக் கழற்றினான். காக்கிச் சட்டை, அறுந்த பொத்தானை முனீஸ்வரி கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள். அதை மலைச்சாமியின் கையில் கொடுத்துவிட்டு, இடது கடைவாயைக் கொஞ்சம் இழுத்து, அவனுக்கே உரிய கோணல் சிரிப்போடு கேட்டான்.

"மாப்ள, என்ன போட்டுருக்கு?"

மலைச்சாமி போர்டைப் பார்த்தான். உதட்டைக்கூட அசைத்துக் காட்டினான்.

"குப்பை கொட்டாதேன்னு போட்டுருக்கு."

ராஜபாண்டி தண்ணீருக்குள் இரண்டு எட்டுத்தான் வைத்தான். இரண்டாவதுக்கு அப்புறம் கீழே கல்லே இல்லை.

கூட்டம் கூடியதும் யாரோ, "குடிச்சிருந்தானாக்கும்?" என்று கேட்டார்கள். அன்றைக்கு ராஜபாண்டி ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. மலைச்சாமி தலையைக் குனிந்தான். குனிந்த தலையை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். போர்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மூன்று வருசம் கழித்து ராத்திரிப் பள்ளியில் சேர்ந்து எழுத்து கற்றதும் முதல் வேலையாக அங்கே போய், வெயிலில் நின்று, கால் மணி நேரம் கூட்டிக் கூட்டி அந்த போர்டைப் படித்தான். ஆ-ழ-மா-ன ப-கு-தி. இ-ற-ங்-கா-தீ-ர். வீட்டுக்கு வந்து, "என்ன படிச்சே?" என்று பெண்டாட்டி கேட்டதற்கு, ஒன்றும் இல்லை என்றான்.

"அண்ணே! தூங்கிட்டீங்களா?" சூரியபிரகாஷ் அவன் தொடையைத் தட்டினான். "அந்தப் பலகையில என்ன எழுதியிருக்குங்கிறேன்."

மூன்று பேரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

இப்போது சொல்லலாம். ஆட்டத்துக்குள் வைத்தே சொல்லலாம். ஆழம், இறங்காதீங்க. அதிலிருந்து பிடித்து மற்றதையும் சொல்லிவிடலாம். உங்கப்பன் குடிக்கல தாயி. உன் தலையில அடிச்ச சத்தியத்தை மீறல. நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தைக்காக இந்தப் பிள்ளை ஒன்பது வருசம் செத்த அப்பனை வெறுத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது. சொன்னால் மாமா என்ற சொல் போகும். இந்தப் பெரிய எழுத்து நோட்டு போகும். முனீஸ்வரியின் அண்ணே போகும்.

வாயைத் திறந்தான்.

"குப்பை கொட்டாதேன்னு போட்டுருக்கு."

முனீஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். "நடுக்கடல்லயுமா? அங்கிட்டும் வந்து போர்டு வச்சுட்டாய்ங்களா?"

"அப்ப பயமில்ல," என்றாள் பவதாரிணி. "என் ஆளு எறங்கி நடக்குது. இருங்க, எதுக்கும் ஆழம் பாத்துருவோம். காக்கிக்காரரே, நூலை விடுங்க."

சூரியபிரகாஷ் நூல் கோனைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, நட்டைப் பலகைச் சந்துக்குள் நுழைத்து விட்டான். நூல் இறங்கியது. ஒரு முழம். ரெண்டு முழம்.

தட்டவில்லை.

"எங்கிட்டோ கழிவு நூலுக்குள்ள போகுதுபோல," என்றான். மூன்று முழம். ஐந்து. கோன் தரையில் மெல்லச் சுற்றத் தொடங்கியது. பத்து. அவன் கையை எடுத்துவிட்டான். நூல் தானாகப் போனது. கோன் வேகம் பிடித்தது, பம்பரம் மாதிரி நின்ற இடத்தில் நின்று, வெள்ளைக் கோடாக நூலைக் கக்கிக்கொண்டு. சந்துக்குள்ளிருந்து குளிர் காற்று வந்தது. பாசி வாடை. யாரும் சிரிக்கவில்லை.

"எம்புட்டுப் போகுதுண்ணே?" முனீஸ்வரியின் குரல் சின்னதாகிவிட்டது.

மலைச்சாமி கோனையே பார்த்தான். கோனில் இருந்தது மூவாயிரம் கெஜம். அது மெலிந்துகொண்டே வந்தது. அட்டை தெரிந்தது. நின்றது. கடைசிச் சுற்று அட்டையில் மாட்டிக்கொள்ள, நூல் விறைத்து நின்றது.

கீழிருந்து ஒரு இழுப்பு.

நின்று, இன்னொரு இழுப்பு. ஆழம் பார்த்தவன் கரைக்குச் சேதி சொல்கிற மாதிரி.

நாடாவுக்குள் காக்கிப் பொத்தான் இல்லை.

அப்போது தறிகள் ஓடத் தொடங்கின.

ஆறும். ஒரே நேரத்தில். மெயின் சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது. டியூப்லைட் செத்துத்தான் கிடந்தது. மணி இரண்டுகூட ஆகவில்லை. ஆனால் ஆறு தறியும் நாடாவை இடமும் வலமும் அடித்துக்கொண்டு, தரை அதிர, தகரம் அதிர, பல் அதிர ஓடின. அந்தச் சத்தத்துக்குள் அவனுக்கு அவன் மூச்சே கேட்கவில்லை.

கேட்கவில்லை. யாருக்கும் கேட்காது.

அந்த நினைப்பு வந்ததும் மலைச்சாமி தலையைக் குனிந்தான். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டான். உதடு யாருக்கும் தெரியாதபடி. பிறகு சொன்னான். எல்லாவற்றையும். போர்டு இருந்துச்சு. அவன் என்னைக் கேட்டான். எனக்குப் படிக்கத் தெரியாது. பொய் சொன்னேன். அவன் குடிக்கல தாயி, குடிக்கல, ஒரு சொட்டுக்கூடத் தொடல. தொண்டை கிழியக் கத்தினான். ஒரு எழுத்தும் வெளியே போகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினான். சொன்ன கணக்கு ஆகிவிடும். கேட்ட கணக்கு ஆகாது. இவ்வளவு இழிவிலும் மனசுக்குள் ஒரு பாரம் இறங்கியதை உணர்ந்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

முடித்தான்.

கால் பெருவிரலில் ஈரம். பலகைச் சந்திலிருந்து தண்ணீர் பொங்கி, சாக்பீஸ் கடலை அழித்துக்கொண்டு பரவியது. பச்சைத் தண்ணீர்.

தலையை நிமிர்த்தினான்.

மூன்று பேரும் அசையாமல் அவனைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமுடி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. முனீஸ்வரியின் உதடு அசைந்தது. தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவனுக்கு உதடு படிக்கத் தெரியும். அந்தப் படிப்பில் மட்டும் அவனிடம் பொய் இல்லை.

மாப்ள.

இத்தனை வருசத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவள் கூப்பிடக்கூடிய முறையும் இல்லை.

அடுத்து சூரியபிரகாஷ். ராஜபாண்டியை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவனுடைய இடது கடைவாய் மெல்ல இழுத்துக்கொண்டது.

மாப்ள.

பவதாரிணி நோட்டை எடுத்து, அவன் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். நீலத் தாள். வெள்ளை எழுத்து. கட்டைவிரல் பெரிசில், ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு.

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று வாயும் கோணலாக, ஒன்றுபோல், பொறுமையாகத் திறந்து திறந்து மூடின. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கடைவாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் வழிந்து, அந்தப் பிள்ளையின் தாடையில் சொட்டியது.

என்ன போட்டுருக்கு?

என்ன போட்டுருக்கு?